நாலு வீலும் இழுக்கும், சரி... நிறுத்துறது?

இந்தப் பதிவு கார் விமர்சனமா ஆரம்பிச்சு, நடுவுல ஃபிசிக்ஸ் கிளாஸ் ஆகி, கடைசியில அட்வைஸ்ல போய் முடியும். அட்வைஸ் அலர்ஜி உள்ள மக்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். மத்தவங்க சீட் பெல்ட் போட்டுக்கோங்க :-)

எங்க அத்தான் (அக்கா வீட்டுக்காரர், செங்கோட்டையில மரக்கடை வெச்சிருக்கார்) புதுசா டாடா ஹாரியர் இ.வி. வாங்கியிருக்கார். சாதா மாடல் இல்லை. முன்னாடி ஒரு மோட்டார், பின்னாடி ஒரு மோட்டார்னு நாலு சக்கரத்தையும் ஓட்டுற ‘குவாட் வீல் டிரைவ்’ மாடல். நம்ம பாஷையில ஃபோர் வீல் டிரைவ். வண்டி வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவர் வாயில ஒரே டயலாக்தான்.

"மாப்ள, இனி சாரலாவது மழையாவது. நாலு வீலும் இழுக்குதுல்லா, எங்கயும் வழுக்காது பாத்துக்கோ."

அத்தான் மட்டும் இல்லை, தென்காசி பக்கம் நாலு வீல் டிரைவ் வண்டி வெச்சிருக்கற பலரும் இதையேதான் சொல்றாங்க. இதுல பாதி நிஜம். மீதிப் பாதி ஆபத்து. எது எந்தப் பாதின்னு பிரிச்சுக் காட்டறதுதான் இந்தப் பதிவோட வேலை.

வண்டி ஜாதகம்

ஹாரியர் இ.வி. 2025 ஜூன்ல வந்தது. அப்போ ஆரம்ப விலை 21.49 லட்சம், நாலு வீல் டிரைவ் மாடல் 28.99 லட்சம் (ரெண்டுமே ஷோரூம் விலை. மீதி செலவு தனி, அதைச் சொன்னா அக்கா அழுதுடுவாங்க). பேட்டரி 75 யூனிட். முன் மோட்டார் 158 பி.எஸ்., பின் மோட்டார் 238 பி.எஸ். மொத்த டார்க் 504 நியூட்டன் மீட்டர். நின்ன இடத்துல இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.3 வினாடின்னு கம்பெனி சொல்லுது. ஹெக்ஸா போனதுக்கு அப்புறம் டாடா போட்ட முதல் நாலு வீல் டிரைவ் கார் இது.

இந்த நம்பர் எல்லாம் காத்துல மிதக்கக் கூடாதுன்னா பக்கத்துல ஒரு பழைய நம்பரை வெச்சுப் பாக்கணும். மாருதி 800 ஞாபகம் இருக்கா? நம்ம அப்பாக்களும் மாமாக்களும் ஸ்டீயரிங் பிடிச்சுப் பழகின வண்டி. 37 பி.எச்.பி., 59 நியூட்டன் மீட்டர். ஒரு மாருதி 800-ஓட டார்க்கை எட்டரைத் தடவை அடுக்கினா அத்தான் வண்டி. எடை மாருதிக்கு முக்கால் டன் கூட கிடையாது, இது ரெண்டு டன்னுக்கு மேல. ஆனா ரெண்டையும் ஓட்ட ஒரே லைசென்ஸ்தான். இதை ஒரு ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வேகமான நாலு வீல் டிரைவ் கார்ங்கறது நம்ம செட்டுக்கு கனவுப் பொருள். ஸ்கூல் லீவுல ‘நீட் ஃபார் ஸ்பீடு’ கேம்ல மிட்சுபிஷி ஈவோவை ஓட்டிட்டு, ராத்திரி தூக்கத்துலயும் அதையே ஓட்டின கோஷ்டி நாங்க. அதோட சாதா தம்பி லான்சரை 1998-ல இருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நம்ம திருவள்ளூர்லயே செஞ்சாங்க. நிஜ ஈவோ எக்ஸ் 2010-ல இந்தியாவுக்கு வந்தப்போ, விலையைப் பாத்துட்டு எல்லாரும் திரும்ப கேமுக்கே போயிட்டோம். அப்புறம் 2021 மார்ச்ல பி.எம்.டபிள்யூ. எம்340ஐ வந்தது. சென்னை பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்கற பிளாண்ட்டுலயே அசெம்பிள் பண்ணின வண்டி. ஆறு சிலிண்டர், 387 எச்.பி., 0-100 வெறும் 4.4 வினாடி, நாலு வீலும் இழுக்கும். விலை 62.90 லட்சம்.

இப்போ 6.3 வினாடி வண்டி 29 லட்சத்துக்கு, லோன்ல, நம்ம ஊர் ஷோரூம்ல கிடைக்குது. மரக்கடைக்காரர் வாங்கறார், நாளைக்கு என் டீம்ல ஒருத்தன் வாங்குவான். தப்பே இல்லை, சந்தோஷம்தான். ஆனா வேகம் விலை குறைஞ்ச அளவுக்கு, அதை ஓட்டற பழக்கம் நமக்கு வந்திருக்கான்னு யோசிச்சா கொஞ்சம் உதறுது.

ஓட்டினா எப்படி இருக்கு?

சீசன் சமயத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சாவி என் கைக்கு வந்தது. செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் போயிட்டு திரும்பினோம். அத்தான் பக்கத்து சீட்ல.

முதல்ல உறைக்கறது அமைதி. இஞ்சின் சத்தம் இல்லை, கியர் இல்லை, உறுமல் இல்லை. ஆக்சிலரேட்டரை லேசா அமுக்கினா வண்டி நகருது. நல்லா அமுக்கினா முதுகை யாரோ சீட்டோட சேர்த்து அழுத்தறாங்க. டீசல் வண்டியில டர்போ முழிச்சுக்கற வரைக்கும் ஒரு சின்ன காத்திருப்பு இருக்கும் பாருங்க, அது இங்க கிடையாது. கேட்ட உடனே கொடுக்குது.

அந்த ரோட்டுல கேரளா போற டிப்பர் லாரி வரிசை எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். என் ஸ்விஃப்ட்ல ஒரு லாரியைத் தாண்டணும்னா மூணாவது கியருக்கு இறக்கி, சாமியை வேண்டி, நேர் ரோடு வர்ற வரைக்கும் பொறுக்கணும். இதுல லாரி பின்னாடி இருக்கோம், அடுத்த நிமிஷம் முன்னாடி இருக்கோம். நடுவுல நடந்தது சரியா ஞாபகம் கூட இல்லை. எதிர் லேன்ல இருக்கற நேரம் குறையுதுன்னா அது பாதுகாப்பு. இந்த மார்க்கை வண்டிக்குக் கொடுத்தே ஆகணும்.

புளியரை எஸ் வளைவுல ரோடு முழுக்க ஈரம். வளைவுல இருந்து வெளிய வரும்போது கால் வெச்சா முன் சக்கரம் சுத்தற சத்தமும் இல்லை, ஸ்டீயரிங் கையை இழுக்கறதும் இல்லை. தண்டவாளத்துல போற மாதிரி போகுது. இறக்கத்துல ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் ஜெனரேட்டரா மாறி வண்டியைப் பிடிச்சுக்குது. ரெண்டு டன் எடை 100 மீட்டர் உயரம் இறங்கினா ஏறத்தாழ அரை யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி வெளிய வரும். பழைய வண்டியில அது பிரேக் டிஸ்க் சூடா போகும், இதுல ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பிப் போகுது. கணக்குல புளி விடாத டிசைன்.

திரும்பி வரும்போது அத்தானோட தென்னந்தோப்புக்குப் போனோம். மழையில தோப்புப் பாதை செம்மண் சேறு. போன வருஷம் இதே இடத்துல சித்தப்பா காரை டிராக்டர் கட்டி இழுத்தோம். இந்த வண்டி ‘மட்’ மோடுல போட்டதும், லேசா உதறிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறி வந்துடுச்சு. அத்தான் முகத்துல அப்படி ஒரு பெருமை!

ஆக, நிஜப் பாதி இதுதான். சேறு, ஏத்தம், ஈர ரோட்டுல கிளம்பறது, வளைவுல இருந்து வெளிய வேகம் எடுக்கறது. இதுல எல்லாம் நாலு வீல் டிரைவ் ராஜா. சந்தேகமே வேண்டாம்.

உள்ள என்ன நடக்குது?

எஸ்டேட் ஏறுற பழைய ஜீப்லயும் நாலு வீல் டிரைவ் உண்டு. லிவரைப் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணா பூட்டிக்கும். சேத்துல சரி. காஞ்ச தார் ரோட்டுல அப்படியே வளைச்சா முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகணுமே, போக முடியாம முறுக்கிக்கும். 1980-ல வந்த ஆடி குவாட்ரோ, நடுவுல ஒரு டிஃபரென்ஷியல் வெச்சு, அதே விஷயத்தை வேகமான தார் ரோட்டு காருக்குக் கொண்டு வந்து ராலி உலகத்தையே புரட்டிப் போட்டது.

எலக்ட்ரிக் வண்டியில முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல இரும்புக் கம்பியே கிடையாது. ரெண்டு மோட்டார், நடுவுல சாஃப்ட்வேர். எந்த வீல் சுத்த ஆரம்பிக்குதுன்னு சென்சார் பாத்து, கண்ணிமைக்கற நேரத்துக்குள்ள டார்க்கைக் குறைச்சு, கூட்டி, பங்கு போடுது. நம்ம சாதிக்காரன் எழுதின கோடு மக்கா! அதான் கோடு அடிக்கற சாதி :-) அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயமும் கூட. நல்ல சாஃப்ட்வேரோட லட்சணமே, பிரச்சினை நடந்ததை யூசருக்குத் தெரியாம மறைக்கறதுதானே.

பிளாட் போட்ட ரோட்டுல ஒரு சோதனை

"வழுக்காது"ங்கற வாக்கியத்தை டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ண எனக்கு மனசு வரலை. தென்காசிக்கு வெளிய பிளாட் போட்டு, தார் ரோடு போட்டு, மஞ்சக்கல் நட்டு, வீடு ஒண்ணு கூட வராத லேஅவுட் நம்ம ஊர்ல இல்லாத திசை உண்டா? அப்படி ஒண்ணுக்கு சாரல் நேரத்துல போனோம். ரெண்டு முனையிலயும் ஆள் நிறுத்தியாச்சு. ஒரு பக்கம் ஹாரியர், இன்னொரு பக்கம் என் ஸ்விஃப்ட். டயர் ரெண்டுலயும் நல்லாவே இருந்தது.

முதல் சோதனை, கிளம்பறது. ஸ்விஃப்ட்ல கிளட்சை விட்டு அமுக்கினா முன் சக்கரம் கீச்சுன்னு சுத்துது, ஸ்டீயரிங் கையில துடிக்குது. ஹாரியர் சத்தமே போடாம காணாம போச்சு. போட்டியே இல்லை.

ரெண்டாவது, நிறுத்தறது. 60 கி.மீ. வேகத்துல வந்து, செருப்பு வெச்ச இடத்துல பிரேக்கை முழுசா மிதிக்கணும். ரெண்டு வண்டிக்கும் ரெண்டு தடவை. ஏ.பி.எஸ். கடகடன்னு அடிச்சு ரெண்டும் நின்னது. அடி வெச்சு அளந்தோம். கிட்டத்தட்ட ஒரே இடம்! ஒரு தடவை இது ரெண்டு அடி முந்தி, இன்னொரு தடவை அது. அத்தான் குனிஞ்சு பாத்தார், திரும்ப அளந்தார், அப்புறம் டயரைப் பாத்தார்.

ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. இழுக்கறதுல ரெண்டு வீல் வண்டி, நாலு வீல் வண்டின்னு வித்தியாசம் உண்டு. நிறுத்தறதுல மாருதி 800-ல இருந்து எல்லா காருமே நாலு வீல் வண்டிதான். நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு. அதிகமா செலவழிச்ச காசு முழுக்க கிளம்பறதுக்குப் போச்சு. நிக்கறதுக்கு அதுல இருந்து ஒரு பைசா வரலை.

டயரோட சம்பளம்

இதை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடற இடம் நம்ம உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கைக்கு ஒரு அளவு பிடிப்பு உண்டு, அதுதான் சம்பளம். வேகம் எடுக்க, திரும்ப, பிரேக் போட, மூணு செலவும் அதே சம்பளத்துல இருந்துதான். முழுசையும் பிரேக்குக்குக் கொடுத்துட்டா, திரும்ப காசு இருக்காது. ஸ்டீயரிங்கை வளைச்சாலும் வண்டி நேராத்தான் போகும். (முழுச் செலவாக விடாம கொஞ்சம் மிச்சம் பிடிக்கற குமாஸ்தாதான் ஏ.பி.எஸ்.)

நாலு வீல் டிரைவ்னா, வேகம் எடுக்கற செலவை ரெண்டு பேருக்கு பதிலா நாலு பேர் பங்கு போட்டுக்கறாங்க. நல்ல விஷயம். ஆனா யாருக்கும் சம்பள உயர்வு கிடையாது. மழை வந்தா நாலு பேருக்கும் சம்பளம் வெட்டு. டயர் தேஞ்சா இன்னும் வெட்டு.

குற்றாலம் சாரல் இருக்கே, அது இந்த வெட்டுல ஸ்பெஷலிஸ்ட். ஆரியங்காவுக் கணவாய் வழியா காத்தோட வர்ற பூத்தூறல். அடை மழைன்னா ரோட்டைக் கழுவிட்டுப் போயிடும். சாரல் கழுவாது. லாரி சிந்தின ஆயில், டயர்த் தூள், மண்ணு எல்லாத்தையும் நனைச்சு குழைச்சு ஒரு பிசுக்கா விட்டுட்டுப் போகும். கண்ணுக்கு ரோடு லேசான ஈரமாத் தெரியும், வைப்பர் கூட போட வேண்டியிருக்காது. அங்கதான் ஏமாறுவோம்.

பேசற கார், பேசாத கார்

நான் முக்கியமா சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த லேஅவுட்ல ஸ்விஃப்ட் கீச்சுன்னு கத்தினது ஒரு குறைன்னு தோணும். யோசிச்சுப் பாருங்க, அது ஒரு தகவல். "ஏல, தரை வழுக்குது, பாத்து"ன்னு வண்டி சொல்லுது. அந்த எச்சரிக்கை நமக்கு வர்றது ஸ்பீடு எடுக்கும்போது, அதாவது மெதுவா இருக்கும்போதே. அதைக் கேட்டு மனுஷன் தானா காலை எடுக்கறான்.

நாலு வீல் டிரைவும் சாஃப்ட்வேரும் சேர்ந்து அந்தத் தகவலை விழுங்கிடுது. ஈர ரோட்டுலயும் காஞ்ச ரோடு மாதிரியே கிளம்புது. ஓட்டறவனுக்கு "ரோடு நல்லாத்தான் இருக்கு"ன்னு மனசுல பதியுது. ரோடு எப்படின்னு முதல்முறையா தெரியப்போறது பிரேக் மிதிக்கும்போது. அப்போ வேகம் ஏறிடுச்சு, தூரம் குறைஞ்சுடுச்சு.

இதுகூட இஞ்சின் சத்தமும் இல்லைங்கறதை சேர்த்துக்கோங்க. 80-ல போறது 50 மாதிரி இருக்கு. "நான் எங்க மாப்ள வேகமாப் போறேன்"னு அத்தான் கேட்கும்போது அவர் பொய் சொல்லலை. அவர் காதுக்கும் முதுகுக்கும் அப்படித்தான் தெரியுது. மீட்டர் மட்டும்தான் வேற சொல்லுது.

கொஞ்சம் கணக்கு (பயப்படாதீங்க, பிளஸ் ஒன் லெவல்தான்)

பிரேக் தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். பிடிப்பு எண்ணை காஞ்ச ரோட்டுக்கு 0.8, வழுக்கற ஈர ரோட்டுக்கு 0.5-னு வெச்சுப்போம். ஆபத்தைப் பாத்து கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. மொத்தமா நிக்க எவ்வளவு தூரம்?

40 கி.மீ. வேகம்: காஞ்ச ரோடு 19 மீட்டர், ஈர ரோடு 24 மீட்டர்
60 கி.மீ. வேகம்: காஞ்ச ரோடு 34 மீட்டர், ஈர ரோடு 45 மீட்டர்
80 கி.மீ. வேகம்: காஞ்ச ரோடு 54 மீட்டர், ஈர ரோடு 73 மீட்டர்

இந்த சூத்திரத்துல எத்தனை வீல் இழுக்குதுங்கறதுக்கு இடமே இல்லை. எடை கூட வெட்டுப்பட்டுப் போயிடும்.

இப்போ 6.3 வினாடி கணக்கை இங்க கொண்டு வாங்க. சராசரியா பாத்தா, அந்த வண்டி 40-ல இருந்து 80-க்குப் போக ரெண்டரை வினாடி போதும். ரெண்டரை வினாடியில, நிக்கத் தேவையான தூரம் 24 மீட்டர்ல இருந்து 73 மீட்டர் ஆகுது. மூணு மடங்கு! மாருதி 800-ல அந்த வேகம் ஏறுறதுக்குள்ள ஒரு வளைவோ, ஒரு மாடோ, பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவோ நம்மளை நிறுத்தியிருப்பாங்க. வண்டியோட சோம்பேறித்தனம்தான் நமக்கு இவ்வளவு நாளா பாதுகாப்பா இருந்தது. அதை இப்போ எடுத்தாச்சு.

சீசன்ல இந்த ரோட்டுல யார் இருக்காங்க? மெயின் அருவியில இருந்து ஈரத்துண்டோட, தேச்ச எண்ணெய் போகாத உடம்போட, நடு ரோட்டுல கும்பலா நடக்கற ஜனம். ஐந்தருவி ரோட்டுல நொங்கு விக்கறவர், பழக்கடை, ஆட்டோ. திடீர்னு குறுக்க ஓடற குரங்கு. கார்த்திகை மாசம் ஆச்சுன்னா, ராத்திரி முழுக்க தூங்காம வண்டி ஓட்டிட்டு இதே செங்கோட்டை வழியா சபரிமலை போற டிரைவர்கள். யாருமே நமக்காக 73 மீட்டர் காலி பண்ணி வெச்சிருக்க மாட்டாங்க.

ஹாரியர் இ.வி. பாரத் என்கேப் சோதனையில 5 நட்சத்திரம் வாங்கின வண்டி. அக்காவும் மருமகளும் அதுல போறாங்கன்னா எனக்கு நிம்மதிதான். ஆனா அந்த அஞ்சு நட்சத்திரமும் உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு. ஈரத்துண்டுக்காரருக்கு ஒரு நட்சத்திரமும் இல்லை. 2022-ல இந்திய சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு அறிக்கை சொல்லுது. அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. நூத்துல எழுபது சாவுக்கு மேல ‘அதிவேகம்’ங்கற தலைப்புலதான் கணக்கு எழுதியிருக்காங்க. தமிழ்நாட்டுல மட்டும் அந்த வருஷம் 17,884 பேர்.

1966-லயே தெரிஞ்ச விஷயம்

ஜென்சன் எஃப்.எஃப்.னு ஒரு பிரிட்டிஷ் கார். ஆடி குவாட்ரோவுக்கு 14 வருஷம் முன்னாடி, 1966-லயே நாலு வீல் டிரைவோட வந்த வேகமான ரோட்டு கார். அதோட இன்னொரு விசேஷம், விமானத்துக்குன்னு டன்லப் கண்டுபிடிச்ச ‘மேக்ஸரெட்’ங்கற வழுக்கல் தடுப்பு பிரேக்கும் அதுல இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாம, மெக்கானிக்கலா வேலை செஞ்ச ஏ.பி.எஸ்.

அதை செஞ்சவங்களுக்கு விஷயம் தெளிவா தெரிஞ்சிருக்கு. நல்லா கிளம்பறது ஒரு பிரச்சினை, நல்லா நிக்கறது வேற பிரச்சினை. ரெண்டுக்கும் தனித்தனியா மருந்து வேணும். அறுபது வருஷம் கழிச்சும் நாம ஒரு மருந்தை வாங்கிட்டு ரெண்டு நோயும் போயிடும்னு நம்பறோம்.

சரி, என்ன பண்ணலாங்கற?

ஒண்ணு. கார் விமர்சனம் பண்ற புண்ணியவான்களே, 0-100 எத்தனை வினாடின்னு கொட்டை எழுத்துல போடறீங்கல்ல, அதே சைஸ்ல ஈர ரோட்டுல 100-0 எத்தனை மீட்டர்னு போடுங்க. விக்கற கம்பெனியும் போடட்டும். வாங்கறவன் ரெண்டையும் பாத்து வாங்கட்டும்.

ரெண்டு. ஷோரூம் டெஸ்ட் டிரைவ்ல ‘பூஸ்ட்’ மோடுல போட்டு முதுகை சீட்ல ஒட்ட வெச்சுக் காட்டறாங்க. கூட இருக்கற குழந்தைங்க கை தட்டுது. அதே டெஸ்ட் டிரைவ்ல, காலி இடத்துல ஒரு முழு பிரேக்கும் போட வைக்கணும். ஏ.பி.எஸ். அடிக்கும்போது பெடல் துடிக்கும்னு தெரியாம, பயந்து காலை எடுத்துடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

மூணு. லைசென்ஸ். ஓரமா வெச்சுக்கச் சொன்னேனே, இதுதான். ஆஸ்திரேலியாவுல தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துல 2024 டிசம்பர்ல இருந்து அதி சக்தி கார்களுக்கு ‘யு’ன்னு தனி லைசென்ஸ் வகுப்பு. ஒரு டன் எடைக்கு 276 கிலோவாட் சக்தியோ அதுக்கு மேலயோ இருந்தா, தனியா பாடம் படிச்சுத் தேறணும். அந்த கார்கள்ல வழுக்கல் கட்டுப்பாட்டை அணைச்சு வெச்சு ஓட்டறதும் குத்தம். 2019-ல அடிலெய்டுல ஒரு லம்போர்கினி மோதி, ரோட்டோரம் இருந்த 15 வயசுப் பொண்ணு இறந்ததுக்கு அப்புறம் எழுந்த கோரிக்கை அது. அந்தக் கணக்குல அத்தான் வண்டி பக்கத்துல கூட வராது. அதனால அதே சட்டத்தை இங்க காப்பியடிக்கணும்னு நான் சொல்லலை. ஆனா 37 பி.எச்.பி.க்கும் இதுக்கும் ஒரே டெஸ்ட்டுங்கறது எனக்கு உறுத்துது. ஒரு நாள் பயிற்சி, ஈரத் தரையில பிரேக், வளைவு, அவ்வளவு போதும். சேலம், கோயம்புத்தூர், நெல்லைன்னு ஊருக்கு ஒரு திடல் போதும்.

நாலு. இது நம்ம கையில இருக்கறது. டயர். 29 லட்சம் கொடுத்து வண்டி வாங்கிட்டு, டயர் மாத்தும்போது "எது சீப்பு"ன்னு கேட்கக் கூடாது. எலக்ட்ரிக் வண்டி எடையும் அதிகம், டார்க்கும் அதிகம், டயர் சீக்கிரமே தேயும். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம். ஆனா சாரல் ஊர்ல அவ்வளவு வரைக்கும் காத்திருக்கறது, தண்ணி வத்தின கிணத்துல குதிக்கற கதை. டயர்ப் பள்ளத்துக்குள்ள குறுக்க ஒரு சின்ன மேடு இருக்கும், அதை எட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்திடுங்க. மாசம் ஒருக்கா காத்து பாருங்க.

"அப்போ நாலு வீல் டிரைவ் வேஸ்ட்டா?"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். வேஸ்ட் இல்லை சாமி. தோப்பு, எஸ்டேட், மலை ஏத்தம், சேறுன்னு வேலை இருக்கறவங்களுக்கு அது வரம். இந்த வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு, காசு இருந்தா நானும் வாங்குவேன். நான் சண்டை போடறது "வழுக்காது"ங்கற ஒரே வார்த்தையோடதான். கிளம்பும்போது வழுக்காது. நிக்கும்போது, பக்கத்துல போற மாருதி 800 எவ்வளவு வழுக்குமோ அதே அளவுக்கு வழுக்கும். அதனால சாரல் அடிச்சா, நாலு வீல் டிரைவ்காரரும் அந்த 800-காரர் போற வேகத்துலதான் போகணும். அவர் வண்டி முடியாம மெதுவா போவார், நாம முடிஞ்சும் மெதுவா போகணும். ரெண்டாவதுதான் கஷ்டம்.

உங்க பக்கம் எப்படி மக்களே? ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை பக்கம் மழையில ஓட்டற பதிவர்கள் யாராவது இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. முக்கியமா பிரேக் பத்தி. 0-100 கதை எல்லாரும் சொல்றாங்க, 100-0 கதை யாரும் சொல்றதில்லை.

டிஸ்கி 1: அந்த பிரேக் சோதனையை யாரும் பொது ரோட்டுல பண்ணாதீங்க. காலி லேஅவுட், ரெண்டு பக்கமும் ஆள், பின்னாடி வண்டி இல்லைங்கறது உறுதி. இது மூணும் இல்லாட்டி வேண்டாம்.

டிஸ்கி 2: நான் எந்த கம்பெனிக்கும் சொம்பு தூக்கலை. சொம்பு கொடுத்தா யோசிக்கலாம் ;-)